கடைசியாக வந்த கடல்

"கரை வூட்ட வுட்டுப் போலாம்ன்றியே, நாலு எழுத்து படிச்சா கடலு தெரிஞ்சிடுமா?" என்று மீன்பிடிக்கும் என் நைனா சிரித்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அந்தப் பேச்சு சுட்டது.

ராயபுரத்தில் நான் வேலை செய்யும் கப்பல் ஏஜென்ட் ஆபீஸுக்கு ஒரு மாலத்தீவு மாலுமி வந்தார். உப்பில் வெளுத்த புருவம். நான் கொடுத்த தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

"எங்கள் தீவுக்கு முதலில் உங்கள் பக்கத்து ஆட்கள் படகில் வந்தார்கள். பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். இப்போது கடல் வருகிறது. அது போகாது," என்றார் ஆங்கிலத்தில். "உங்கள் வீட்டுக் கிணறு எப்படி?"

"திருவொற்றியூர்க் கரையில் வீடு. போன வருஷத்திலிருந்து கிணறு உப்பு," என்றேன்.

அவர் முகம் மாறியது. "எங்களுக்கும் அப்படித்தான் தொடங்கியது."

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. கடலை விட்டு உள்ளே தள்ளி, பெரம்பூரில் வீடு பிடித்துச் சாவியும் வாங்கிவிட்டேன். சாவி வாங்கியதை நைனாவிடம் இன்னும் சொல்லவில்லை.