யாரும் வாசிக்காத இடம்

பசுமலையில் கல்லூரி; விடுமுறை நாட்களில் சமயநல்லூர் கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் துணிச்சலில் நூலகப் புத்தகம் ஒன்றைப் பார்த்து மேல்நாட்டு இசைக்குறிப்பும் படிக்கக் கற்றிருந்தேன். கல்லூரி விளையாட்டு விழா அணிவகுப்புக்கு அதிலிருந்த பழைய இங்கிலீஷ் மார்ச் இசை ஒன்றை எங்கள் செட்டே வாசிக்கும் என்று உடற்பயிற்சி ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

"வெள்ளிக்கிழமை வந்து கேக்குறேன். சரியா வரலேன்னா ரெக்கார்டு போட்டுருவேன்" என்றார்.

ரைஸ்மில் களத்தில் ஒத்திகை. குடைக்கம்பியை ஆட்டித் தாளம் காட்டி நான் நடத்தினேன். குறிப்பு படிக்கத் தெரிந்தவர் வேறு யாருமில்லை; அவரவர் பகுதியைப் பாடிக் காட்டினேன், காதால் பிடித்துக்கொண்டார்கள். ஓர் இடம் மட்டும் வரவில்லை. நடுவில் எட்டு எண்ணிக்கைக்கு யாரும் வாசிக்கக் கூடாது. அங்கே தினமும் பெரிய டிரம் 'டும் டும்' என்றது. அடிப்பவன் ஐந்தாவது வரை என்னோடு படித்தவன்.

"அங்க காலி மாப்ள" என்றேன்.

"கல்யாணத்துல சத்தம் நின்னா பந்தி போட்டாச்சுன்னு எந்திரிச்சிருவாய்ங்கடா."

எல்லோரும் சிரித்தார்கள். வியாழக்கிழமையும் அடித்தான். "படிக்காதவனுக்கு எம்புட்டுச் சொன்னாலும்..." என்று ஆரம்பித்துவிட்டேன். அவன் குச்சியைக் கீழே வைத்தான்.

"நீதான கம்பிய நிறுத்திட்டு முழிக்கிற? தெருவுல வாசிக்கையில ஒருத்தன் மறந்து நின்னா டிரம்மடிச்சு மூடணும், அதான நம்ம வழக்கம். ஒனக்கு மறந்துபோச்சு, காலின்னு சமாளிக்கிறன்னுதான் தெனமும் அடிச்சேன்."

"மறக்கலடா. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டிருந்தேன்."

"மனசுக்குள்ள எண்ணுனா எனக்கு எப்படித் தெரியும்?"

சத்தம் இல்லாத இடத்தில் கைக்கும் வேலை இல்லை என்று நானாக நினைத்திருந்தேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவனைத்தான் ஏசியிருக்கிறேன். "தப்புத்தான் மாப்ள" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் நெல்மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டார். அந்த இடம் வந்தது. கம்பியை நிறுத்தாமல் எட்டும் எண்ணினேன். அவன் குச்சி அந்தரத்தில் நின்றது. மில்லின் பெல்ட் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு எல்லோரும் ஒன்றாக எடுத்தோம்.

"விழாவன்னைக்கு ஏழு மணிக்கே வந்துருங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

அவன் அந்த நூலகப் புத்தகத்தை என்னிடம் வாங்கி, அந்த இடத்தைக் காட்டச் சொன்னான். வாசிக்காமல் எண்ண வேண்டும் என்பதற்குக் குறியாகக் கோட்டில் தொங்கும் சின்னக் கறுப்புக் கட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"காலின்னு சொன்ன. ஏதோ எழுதித்தான இருக்கு" என்றான். "மத்ததையும் சொல்லிக்குடு."