கையில் நின்ற புதினா மணம்

மல்லசமுத்திரத்தில் பள்ளிவாசல் தெருவுக்குள் நுழைந்துவிட்டால் அமீனா பீவியின் வீட்டை யாரிடமும் விசாரிக்க வேண்டியதில்லை. மூக்கே கொண்டுபோய் விட்டுவிடும். கொல்லையில் துவைகல்லுக்குப் பக்கத்தில் பாதியாக அறுத்த ஒரு நீல டிரம். அது நிறையப் புதினா. அரிசி கழுவிய தண்ணீரைத் தவிர அதற்கு அவள் வேறு உரம் எதுவும் போட்டதில்லை.

இலை பிரியாணிக்கும் துவையலுக்கும் போகும். முற்றிய இலையை நிழலில் காயவைத்து, உப்புச் சேர்த்து இடித்துப் பல்பொடி செய்வாள். காம்பைக்கூட எறிய மாட்டாள். கொதிக்கவைத்து வடித்து, வீடு துடைக்கும் தண்ணீரில் கலப்பாள். ஈ அண்டாது என்பது அவள் கட்சி. ஜவுளிக்கடையை அடைத்துவிட்டு வரும் கணவர் பரக்கத் அலி, வாசலில் நின்று மோந்து பார்ப்பார்.

"இன்னைக்கு ஊடு துடைச்சியா, பிரியாணி தாளிச்சியா? ஒண்ணும் புரியலியே."

அடுத்த வீடு உண்ணாமலையுடையது. நடுவில் கழுத்தளவுச் சுவர். நோன்பு மாதத்தில் மாலை பாங்கு சொன்னதும் ஒரு தூக்குப்போசி கஞ்சி அந்தச் சுவரைத் தாண்டும். அமீனா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த காலந்தொட்டு அப்படித்தான். மறுநாள் காலையில் போசி திரும்பி வரும். ஆனால் வெறுமனே வராது. முருங்கைக்காய், நாட்டுக்கோழி முட்டை, ஒரு பிடி தட்டைப்பயறு என்று ஏதாவது உள்ளே இருக்கும்.

"கஞ்சி வந்த போசி காலியாத் திரும்பக் கூடாதுங்கக்கா" என்பாள் உண்ணாமலை.

இந்த வருஷம் உண்ணாமலையின் கணவர் சடையனுக்கு உடம்பு சரியில்லை. வயிற்றில் கட்டி என்று சேலத்தில் மருந்து ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அமீனாவுக்கு அது தெரியும். கஞ்சியை அவர் விரும்பிக் குடிக்கிறார் என்பதும் தெரியும். அதற்கு மேல் விசாரிக்க அவளுக்கு நேரமில்லை. மகள் மெஹ்ரீனின் மாமியார் ஷிரீன், சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து குடும்பத்தோடு நோன்பு திறக்க வருவதாகச் சொல்லியிருந்தாள். போன தடவை வந்தபோது ஷிரீன் பிரியாணித் தட்டை முகத்தருகே வைத்துக்கொண்டு, "எங்க பக்கம் எந்தக் கடையிலயும் இந்த மணம் வரலீங்க" என்றிருந்தாள். அந்த ஒரு வாக்கியத்தை அமீனா நகைபோலப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

அவர்கள் வரும் நாள் காலை, மாசிக் கடைசி வெயிலில் சுருண்டது போக மிஞ்சிய இலை முழுவதையும் பறித்துக் கூடையில் போட்டாள். சட்னிக்கு, பிரியாணிக்கு, கஞ்சிக்கு, சர்பத்துக்கு. கணக்குக்குச் சரியாக இருக்கும். சமையலறைப் படியில் உட்கார்ந்து உருவிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் உண்ணாமலையின் தலை தெரிந்தது.

"ஏனுங்கக்கா, ஒரு கை பொதினா இருந்தாக் குடுங்க. என்ற ஊட்டுக்காரரு..."

அமீனா கூடையின் மேல் முறத்தைக் கவிழ்த்தாள். ஏன் செய்தோம் என்று அவளுக்கே தெரியாது. கை முந்திக்கொண்டது. எழுந்து சுவரருகே போய், முக்காட்டைச் சரிசெய்தபடி சொன்னாள்.

"வெயில்ல எல்லாம் கருகிப்போச்சு கண்ணு. வெறும் காம்புதான் நிக்குது."

உண்ணாமலை அவளை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், "செரிங்கக்கா, பரவாயில்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

முக்காட்டிலிருந்து கையை இறக்கும்போதுதான் அமீனாவுக்கே அந்த மணம் அடித்தது. விரல் நுனியெல்லாம் பச்சை. தண்ணீர்கூட இறங்காத நோன்பு வாயிலிருந்து பொய் வெளியே வந்திருந்தது.

மாலையில் விருந்து ஜே ஜே என்று நடந்தது. ஷிரீன் மறுபடியும் தட்டை முகத்தருகே கொண்டுபோனாள். அமீனா எதிர்பார்த்த வார்த்தையைச் சொல்லவும் செய்தாள். அமீனாவின் காதில்தான் அது விழவில்லை. அவள் கண் அடுப்படியில் இருந்த தூக்குப்போசியில் நின்றது. கஞ்சி ஊற்றி மூடி வைத்திருந்தாள். மேலே புதினா இலை மிதந்தது. கரண்டியால் ஒதுக்கிப் பார்த்தாள். மறுபடி மறுபடி மேலே வந்தது. இதைக் கொடுத்தால் காலையில் சொன்னது என்ன ஆகும்?

"பக்கத்து ஊட்டுக்குக் கஞ்சி போயிருச்சா?" என்று கூடத்திலிருந்து பரக்கத் அலி கேட்டார்.

"போயிருச்சுங்க."

அன்று கஞ்சி சுவரைத் தாண்டவில்லை. காலையில் அவள் சொன்ன பொய் மட்டும் மாலைக்குள் உண்மையாகியிருந்தது. கூடை காலி; டிரம்மில் வெறும் காம்புதான் நின்றது.

மறுநாள் காலை உண்ணாமலையின் வீடு பூட்டிக் கிடந்தது. மதியத் தொழுகை முடிந்து வந்த பரக்கத் அலி, செருப்பைக்கூடக் கழற்றாமல் பதற்றத்துடன் சொன்னார்.

"சடையன் காலையில மயங்கி விழுந்துட்டாராம். ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏறுது. இப்பத்தான் பாத்துட்டு வாரேன். மருந்து ஏத்துனதுல இருந்து எது தின்னாலும் கொமட்டுதாம். நம்மூட்டுக் கஞ்சி ஒண்ணுதான் வயித்துல நிக்குதாம். அதுவும் அந்தப் பொதினா வாசத்துக்காகத்தானாம்."

அமீனா தன் விரல்களை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நேத்துக் கஞ்சியுமா நிக்கலைன்னு கேட்டேன்" என்று தொடர்ந்தார் அவர். "'குடிச்சாருங்கண்ணா, நல்லாத்தான் குடிச்சாரு'ன்னு உண்ணாமலை சொல்லுச்சு. அப்புறம் எப்படி மயக்கம் வந்துச்சுன்னு தெரியல."

அமீனா உள்ளே போனாள். இவள் சொன்ன பொய்யை இவள் கணவரிடமிருந்து மறைக்க, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று இன்னொருத்தி பொய் சொல்லியிருக்கிறாள். பாங்கு சொன்ன பிறகு அந்த மனுஷன் எத்தனை தடவை சுவர்ப் பக்கம் பார்த்திருப்பார்? வெறும் வயிற்றோடு படுத்தவருக்கு இந்த வீட்டு விருந்து மணம் எட்டியிருக்குமே. சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தாள். புளி போட்டுத் தேய்த்தாள். மணம் போனதோ என்னவோ, அவளுக்குப் போகவில்லை.

வெயில் தாழ்ந்தபோது பக்கத்து வீட்டில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அமீனா கொல்லைக்கு ஓடினாள். டிரம்மில் ஓர் இலைகூட இல்லை. நின்ற காம்புகளைக் கொத்தாக ஒடித்தாள். வீடு துடைக்கக் கொதிக்கவைக்கும் அதே காம்புகள். நன்றாகக் கழுவி, நசுக்கிக் கொதிக்கவைத்து, வடித்த தண்ணீரிலேயே அரிசியும் பாசிப்பருப்பும் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள். சுவர் வழியாகக் கொடுக்க மனம் வரவில்லை. போசியைத் தூக்கிக்கொண்டு தெருவழியே சுற்றி, முன்வாசலில் போய் நின்றாள்.

"நேத்து ஒரு கூடை பொதினா இருந்துச்சு உண்ணாமலை" என்றாள். வேறு எப்படித் தொடங்குவதென்று அவளுக்குத் தெரியவில்லை. "சம்பந்திக்கு வேணும்னு மறைச்சேன். மறைச்சது தெரிஞ்சுருமேன்னு கஞ்சியும் குடுக்கல."

"தெரியுமுங்கக்கா. உங்க கை மணந்துச்சே."

"தெரிஞ்சும் எங்கூட்டுக்காரர்கிட்ட குடிச்சாருன்னு சொல்லியிருக்கியே."

உண்ணாமலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேற என்னங்க சொல்றது? நோன்பு நேரத்துல நான் போயிக் கேட்டு உங்களப் பொய் சொல்ல வெச்சுட்டனேன்னு எனக்குத்தான் வெசனமாப் போச்சு. அந்தப் பாவத்துல பாதி எனக்குங்க."

அவள் நாலு வசவு வைதிருந்தால் அமீனா தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

உள்ளே கட்டிலில் இருந்து சடையனின் குரல் மெலிந்து வந்தது. "ரெண்டு பேரும் அழுது முடிக்கறதுக்குள்ள கஞ்சி ஆறிப்போயிருமுங்க."

உண்ணாமலை கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் முதலில் மோந்து பார்த்தார். ஒரு மிடறு விழுங்கி, கண்ணை மூடிக் காத்திருந்தார். குமட்டவில்லை. இன்னொரு மிடறு குடித்தார்.

"எலையக் காணமுங்க. மணம் மட்டும் இருக்குது."

"எலை துளிர்த்ததும் மொதப் பறிப்பு உங்களுக்குத்தாண்ணா" என்றாள் அமீனா.

பாங்கு ஒலித்தது. நோன்பு திறக்க வீட்டுக்கு ஓட வேண்டியவள், அங்கேயே ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். வீட்டில் பரக்கத் அலி பேரீச்சம்பழத்தோடு காத்திருப்பார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உண்ணாமலை சொன்ன பொய்யை அமீனாவால் திரும்ப வாங்க முடியாது. தன்னுடையதையாவது இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தாள்.

"போசிய வெச்சுட்டுப் போங்கக்கா. காலையில தாரேன்" என்றாள் உண்ணாமலை.

"இந்தத் தடவை காலியாவே குடு கண்ணு."

"அதெப்படிங்க? எங்கூட்டுப் பழக்கம் எனக்கு."

மறுநாள் காலையில் போசி சுவர்மேல் இருந்தது. உள்ளே இரண்டு முட்டைகள் வைக்கோலில் பதிந்திருந்தன. அமீனா அதை வெகுநேரம் தொடவே இல்லை.