பொன்னாடையோடு ஆர்கன் மாடிக்கு

எனக்குத் தெரியாத விஷயத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் மறுக்க எனக்குத் தோன்றியதே இல்லை. போன வருடம் மலாக்கா டவுன் தேவாலயம் ஒன்றில், குழாய்களில் காற்று புகுந்து ஒலிக்கும் அந்தப் பெரிய ஆர்கனில் நடந்த கச்சேரிக்கு நான் சிறப்பு விருந்தினராகப் போனதும் அப்படித்தான்.

வாசித்தவள் ஜாசினில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அவளுடைய அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். பரோக் காலத்து இசையும், அதையடுத்து வந்த ஆரம்ப கிளாசிக்கல் இசையுமாக நிகழ்ச்சி. அதை வெட்டாமல் ஒட்டாமல் பதிவுசெய்து வெளிநாட்டு இசைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் கடைசி நாள். அவளுக்கு இடம் கிடைப்பது அந்த ஒரு பதிவின் கையில்.

ஆனாலும் நம்மவர் நிகழ்ச்சியில் சிறப்பு விருந்தினரும் பொன்னாடையும் இல்லாமல் இருக்குமா? "நாலு புஸ்தகம் படிச்சவரு நீங்கதாண்ணே" என்றார் அவள் அப்பா. நானும் அதை நம்பி, ஆர்கனைப் பற்றி நாலு புத்தகம் படித்துவிட்டுப் போனேன்.

நடுவில் கை தட்டாதீர்கள், எழுந்து நடக்காதீர்கள் என்று தொடக்கத்திலேயே அறிவித்தார்களாம். நான் அப்போது என் உரையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

இசை நின்றது. ஒரு கைதட்டல்கூட இல்லை. நம் ஜனங்களுக்கு மரியாதையே தெரியாது என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் ஆர்கன் இருந்த மாடிக்குச் சுழல் படியில் ஏறினேன். பாதி தூரத்தில் மறுபடியும் இசை! முடிந்தது முதல் பகுதிதான் என்று அப்போதுதான் விளங்கியது. எந்தெந்தக் குழாய் எத்தனை அடி என்று சொன்ன புத்தகங்கள், எப்போது எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. என் உடம்போடு அந்தக் குறுகிய படியில் திரும்பவும் முடியாது. மூச்சிரைக்க மேலே போய்ச் சேர்ந்தேன்.

அங்கே பதிவு செய்யும் மைக்குக்குப் பக்கத்தில் அந்தப் பெண் கைகளால் ஒன்றும் கால்களால் இன்னொன்றுமாக வாசித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சின் இரண்டு பக்கமும் குமிழ்கள். ஒவ்வொன்றையும் இழுத்தால் ஒரு வரிசைக் குழாய்கள் கூடச் சேர்ந்து ஒலிக்கும். இழுப்பது அவள் அக்காவின் வேலை. இடப்பக்கம் முடிந்து வலப்பக்கம் வர வேண்டிய நேரத்தில், பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே என் தொந்தி அடைத்து நின்றது.

அக்கா என்னை முறைத்தாள். பிறகு காதருகே சாய்ந்து, "அங்கிள், அந்தக் கடைசிக் குமிழ். தங்கச்சி தலையாட்டுவா, ஒரே இழுப்பா இழுங்க. வேற எதையும் தொட்டுறாதீங்க லா!" என்று கிசுகிசுத்தாள்.

கைக்கு இடைஞ்சலாக இருந்த பொன்னாடையை என் தோளிலேயே போட்டுக்கொண்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கணம் பயம். அடுத்த கணம், வேறு வழியில்லாத ஒரு நம்பிக்கை. தலையை ஆட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

அப்பப்பா! பெரிய குழாய்களெல்லாம் ஒன்றாக வாயைத் திறந்தன. மரத்தரை அதிர்ந்து, சத்தம் உள்ளங்கால் வழியாக ஏறி வயிற்றுக்குள் குடிபுகுந்தது. அவள் வாசித்துக்கொண்டே சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். கடைசிப் பாட்டுவரை வலப்பக்கம் என் பொறுப்பு என்றாகிவிட்டது. எல்லாம் முடிந்து, கீழே எல்லோரும் எழுந்து திரும்பிக் கை தட்டியபோது, அவளுக்குப் பக்கத்தில் பொன்னாடை போர்த்தியபடி நான்தான் நின்றுகொண்டிருந்தேன். அவசரமாகக் கழற்றி அவளுக்குப் போட்டேன். உரை மறந்துபோனது. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். வாயைத் திறக்காமல் ஒருவருக்கு உபயோகமாக இருந்தது அன்று மட்டும்தான் என்பதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் அதிர்கிறது.

சில வாரம் கழித்து அவள் அப்பா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். "அண்ணே, பிள்ளைக்கு எடம் கெடச்சிருச்சு! ஆனா காலேஜ்காரங்க ஒண்ணு கேட்டாங்களாம். உங்க ஊரு ஆர்கன்ல எங்கியோ காத்து ஒழுகுது, புஸ்ஸு புஸ்ஸுன்னு கேக்குது, ரிப்பேர் பாக்கலியான்னு."