எலிக் காதும் நாடாப் புண்ணும்

எலிக்கு வடை வாங்கிப் போடும் உத்தியோகம் என்னுடையது. குன்னம் பக்கத்து மக்காச்சோளக் காடுகளில் சாயங்காலம் கூண்டு வைப்போம்; உள்ளே ஒரு துண்டு மசால் வடை. காலையில் மாட்டியிருக்கும் எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, கொஞ்சம் ரத்தம் எடுத்து, காதைப் பிரித்துப் பார்ப்போம். மனிதருக்குத் தொற்றக்கூடிய நோய் எதுவும் எலிகளிடம் சுற்றுகிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் இத்தனை பாடும். டீக்கடையில் என்னை ‘வடை சார்’ என்பார்கள். எனக்குக் கோபம் வரும். வடை நன்றாக இருந்தால் பாதியை நானே தின்றுவிடுவேன் என்பது வேறு விஷயம்.

அன்று ஒரு காட்டில் பிடித்த எலிகளின் காதுகளில் மிளகாய்ப் பொடி தூவியதுபோல் சிவப்பாகச் சிற்றுண்ணிகள். அவை கடித்தால் உண்ணிக் காய்ச்சல் வரலாம். கடித்த இடத்தில் வலியில்லாத கறுப்புப் பொருக்கு கட்டும். எல்லாருக்கும் கட்டாது, கட்டினால் அதுதான் அடையாளம். சரியான மாத்திரையைச் சீக்கிரம் கொடுத்தால் அடங்கிவிடும். தள்ளிப்போட்டால் ஆளையே கொண்டுபோய்விடும்.

காட்டுக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். வழக்கமாகக் கூண்டைச் சுற்றிச் சுற்றி வருபவர், அன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மனைவிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல், ஊசி போட்டும் நிற்கவில்லை என்றார். எனக்குத் துணுக்கென்றது. அவர் வீட்டு வாசலில் நின்றே விசாரித்தேன்.

“பூச்சி கடிச்ச புண்ணு எதுவும் இருக்குதாங்க?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க” என்றார் உள்ளே படுத்திருந்த அந்த அம்மா. குரலே தேய்ந்திருந்தது.

காட்டுக்காரரைத் தனியே கூப்பிட்டேன். “நீங்க பாத்தீங்களாண்ணே?”

தரையைப் பார்த்தார். “இடுப்புல ஒண்ணு இருக்கு சார். பாவாடை நாடா அறுத்தது. பொம்பளைங்களுக்கு வர்றதுதான்.”

“கறுத்திருக்குதா?”

“கறுத்துத்தான் போயிருக்கு.”

நாடா அறுத்ததையெல்லாம் யாராவது புண் என்று கணக்கில் வைப்பார்களா? அந்த அம்மா பொய் சொல்லவில்லை.

எங்கள் ஜீப்பிலேயே பெரம்பலூருக்குக் கூட்டிப்போனோம். அந்தப் புண்ணைக் காட்டியே ஆகவேண்டும் என்று வழியில் சொல்லி வைத்தேன். ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர், உடம்பில் எங்காவது கறுப்புப் பொருக்கு உண்டா என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார். இந்த முறை பொய்தான்.

டாக்டர் வேறு ஏதோ எழுத ஆரம்பித்துவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அடுத்தவர் மனைவியின் இடுப்பைப் பற்றி, அவரை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பேசுவது? காட்டுக்காரரைப் பார்த்தேன். கையில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

“இருக்குதுங்க” என்றார் திடீரென்று, வார்டு முழுக்கக் கேட்கும்படி. “இடுப்புல, நாடா கட்டுற எடத்துல.”

அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நர்ஸ் திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். வெளியே வந்து டாக்டரிடம் தலையசைத்தார். மாத்திரை அன்றே ஆரம்பமானது. சில நாளில் காய்ச்சல் இறங்கியது.

மறுபடி கூண்டு வைக்கப் போனபோது அந்த அம்மா களத்தில் சோளக்கதிர் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னை “வாங்க” என்றார். கணவரோடுதான் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாராம்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. வரப்பில் நின்ற காட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். “நான் வேணா எடுத்துச் சொல்லட்டுமாண்ணே?”

“வேணாம் சார்” என்றார், களத்துப் பக்கம் பார்த்தபடி. “பேசாட்டி போவுது. வூட்ல இருக்கால்ல.”