முயல்குட்டி ரசிகர்

அருள்புரத்தில் நான் செக்கிங் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஒரு அயர்ன் மாஸ்டர் இருந்தார். ஐம்பதை நெருங்கியவர், கிடா மீசைக்காரர். டீ நேரத்தில் துணிமூட்டையில் சாய்ந்துகொண்டு போனில் முயல்குட்டி கார்ட்டூன் பார்ப்பார். "மாஸ்டருக்குப் பால்புட்டி வாங்கியாங்கப்பா" என்று எல்லாரும் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவரைப் போன்ற ஆண்கள் பலர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் அந்தக் கார்ட்டூனுக்கு ஒரு ரசிகர் குழு வைத்திருந்தார்கள். அங்கே மட்டும்தான் அவரை யாரும் கேலி செய்ததில்லை.

ஒருநாள் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்னாச்சுங்ண்ணா?"

"ஒரு சின்னப்புள்ள அப்பன் போன்ல இருந்து எங்க குரூப்புல பேசி அனுப்பிச்சுதுங்க அம்மிணி. முயல்குட்டியோட அம்மா திரும்பி வருமான்னு கேட்டுச்சு. இது பெரியவங்க குரூப்புன்னு கிண்டலடிச்சு, அந்த நம்பரையே தூக்கிட்டானுங்க."

"நீங்க ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொல்லாம இருப்பனுங்களா? அது புள்ளைங்களுக்கு எடுத்த படம்டா, நாமதான் நடுவுல வந்து உக்காந்திருக்கறோம்னேன். அதுக்கும் சிரிச்சானுங்க. நானும் வெளிய வந்துட்டனுங்க."

தன்னைக் கேலி செய்தபோது ஒருநாளும் கோபப்படாத மனிதர், முகம் தெரியாத ஒரு குழந்தைக்காக அப்படிக் கொதித்தார். நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. அத்தனை பேரில் ஒருவராவது அவரோடு வெளியே வந்திருக்கக் கூடாதா?