போயிட்டு வாரேன் பொத்தான்

“என் சர்வருக்குள்ள வந்த ஒரு மனுசனையும் வெளிய போன்னு நான் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்!”

மாட்டுத்தாவணி டீக்கடையில் சிவபாண்டி ஒருமுறை இப்படி முழங்கினார். டம்ளர் கழுவிக்கொண்டிருந்த கடைச் சர்வர் மட்டும் கவலையோடு தன் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

சிவபாண்டி சொன்னது கம்ப்யூட்டர் சர்வரை. உசிலம்பட்டி ஆட்டு வியாபாரி முத்துமீனாவுக்கு இணையதளம் கட்டிக்கொடுத்தவர் அவர். ஆட்டைப் படத்தில் பார்த்தே விலை பேசலாம். பார்த்து முடித்தவர் அழுத்த வேண்டிய பொத்தானில் ‘வெளியேறு’ என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை. வந்தவரிடம் சொல்கிற வார்த்தையா அது? ‘போயிட்டு வாரேன்’ என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாரேன் என்றவருக்கு இடம் பிடித்து வைக்க வேண்டாமா? அவர் பெயர், பார்த்த ஆடு, பேசிய விலை என அத்தனையையும் ‘செஷன்’ என்ற மூட்டையாகக் கட்டி, காலமெல்லாம் காக்கும்படி சர்வருக்கு உத்தரவிட்டார்.

தீபாவளி வாரத்தில் தளம் படுத்துக்கொண்டது.

“ஏண்ணே, ஆட்டுப் படம் தெரியறதுக்குள்ள ஆடே கெழடாப் போயிருது” என்று போனில் கத்தினார் முத்துமீனா. “சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா பெங்களூர்க்காரங்ககிட்ட குடுத்துருவேன், ஆமா!”

சிவபாண்டியின் ஒரே வாடிக்கையாளர் முத்துமீனாதான். பதறிப்போய் மெமரியைக் கூட்டினார். நெட் கம்பெனியைத் திட்டினார். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். சர்வர் மும்பையில் இருந்ததால் லேப்டாப்புக்குச் சுற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை.

கடைசியில்தான் செஷன் குவியலைத் திறந்தார். அன்றைக்கு வந்தவர்கள் ஒரு வேனில் அடங்குவார்கள். உள்ளே இருந்ததோ தேரோட்டக் கூட்டம். போன ஆடிக்குக் கிடாய் பார்த்தவர்கள், அதை வெட்டித் தின்று செரித்தவர்கள், எல்லாரும் வாரேன் என்று சொல்லிவிட்டு அப்படியே அப்பிக் கிடந்தார்கள். புதிதாக வருபவர் யாரென்று தெரிய, சர்வர் ஒவ்வொரு தடவையும் இம்புட்டு மூட்டையையும் அவிழ்த்துப் பார்த்துக் கட்டியது.

சிவபாண்டி எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். அரை மணி நேரம் அசையாதிருப்பவரின் செஷன் தானாகக் கழியட்டும் என்று ஒரு வரி எழுதினார். பழைய கூட்டம் மொத்தத்தையும் அழித்தார்.

“ஓடுதுண்ணே! ஆடு பாய்ஞ்சு வருது!” என்றார் முத்துமீனா.

அடுத்த போன் எழுமலையிலிருந்து. பொங்கலிலிருந்து ஒரே வெள்ளாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மாமனார் கண்ணுச்சாமி.

“மாப்ள, என்னைய வெளிய தள்ளிருச்சே?”

சிவபாண்டி குரலைத் தாழ்த்தினார்.

“கரண்ட் கட்டா இருக்கும் மாமா.”