மட்டாஞ்சேரியில் கைமாறி வந்த சமாதானம்

என் மனைவி செல்வி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவள் இல்லாமல் நான் போன முதல் பயணம் இது. போன வார இறுதியில் கொச்சிக்குப் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல.

எங்கள் மகள் ஜெஸிக்கு ஒன்பது வயது. தினமும் படுக்கப் போகும்போது, "அம்மாவ நாம திரும்பப் பாப்போமாப்பா?" என்று கேட்பாள். "பாப்போம் மக்களே" என்பேன். ஆனால் அதை நான் நம்பவில்லை. செல்விக்காக எங்கள் சபையே உபவாசம் இருந்தது. நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று கெஞ்சினேன். இப்போது ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தைகள் வருகின்றன, கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம்தான் வருவதில்லை. பிள்ளையிடம் பொய் சொல்லாமல் "பாப்போம்" என்று சொல்லும் அளவுக்காவது விசுவாசம் வேண்டும். அதைக் கேட்கத்தான் போனேன்.

மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுரியானி தேவாலயம் இருப்பதாகவும், தன் அம்மா எதற்கும் அங்கேதான் போவார் என்றும் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மலையாளி நண்பர் சொன்னார். நாங்கள் புராட்டஸ்டண்டுகள். மெழுகுவர்த்தி ஏற்றுவதையே ஓரக்கண்ணால் பார்க்கிற கூட்டம். போதகரிடம் சொன்னால் ஒரு மணி நேரம் அறிவுரை கிடைக்கும் என்பதால் சொல்லவில்லை. ஜெஸியை என் அக்கா வீட்டில் விட்டுவிட்டுச் சனிக்கிழமை காலை நாகர்கோவிலில் ரயில் ஏறினேன். எர்ணாகுளத்துக்கு ஏழு மணி நேரம். ஸ்டேஷன் பக்கத்திலேயே ஒரு லாட்ஜ், ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் ரூபாய். கொசுக்களுக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். பத்து கிலோமீட்டர், இருநூற்று ஐம்பது ரூபாய். பாலங்களைத் தாண்டியதும் ஓட்டுநர், "காணானோ சேட்டா, பிரார்த்திக்கானோ?" என்று கேட்டார். பார்க்கவா, பிரார்த்திக்கவா என்று கேட்கிறார். சாதாரணக் கேள்விதான். "ரெண்டும்" என்று சொல்லிச் சமாளித்தேன். மட்டாஞ்சேரி கடைவீதியில் சரக்குக் கிட்டங்கிகள் எல்லாம் பூட்டியிருந்தன, ஆனாலும் சுக்கு வாசனை தெரு முழுக்க இருந்தது. செல்வி கூட வந்திருந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லி ஏலக்காய் விலை கேட்டிருப்பாள்.

குர்பானா, அதாவது அவர்களுடைய திருவிருந்து ஆராதனை, எட்டு மணிக்கு ஆரம்பித்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எங்கள் சபையில் நல்ல பிரசங்கத்துக்குச் சாய்ந்து உட்கார்ந்து பழகிய எனக்கு, இவர்கள் நின்றுகொண்டே ஆராதிப்பதைப் பார்த்ததும் கால் வலி அப்போதே வந்துவிட்டது. விசுவாசப் பிரமாணம் சொன்னார்கள். மலையாளம்தான், ஆனால் என்ன சொல்கிறார்கள் என்பது சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். மரித்தோர் உயிர்த்தெழும் இடம் வந்ததும் என் உதடு அசையவில்லை. எல்லாரும் சொல்லி முடிக்கும் வரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு கையசூரி. எனக்கு அதுவரை தெரியாத வழக்கம். பலிபீடத்திலிருந்து சமாதானத்தைக் கையால் கொண்டுவந்து முதல் ஆளுக்குக் கொடுக்கிறார்கள். கொடுப்பவர், வாங்குகிறவரின் கூப்பிய கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துப் பிடிக்கிறார். வாங்கியவர் திரும்பி அடுத்தவருக்குக் கொடுக்கிறார். இப்படியே கடைசி ஆள் வரை போகிறது. எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி என் கைகளைப் பிடித்தார். நான் மரியாதையாகத் தலையை ஆட்டி, "நன்றி" என்று சொல்லிவிட்டு, கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

எனக்குப் பின்னால் இருந்த வரிசை முழுக்கக் காத்திருந்தது. சமாதானம் என்னோடு நின்றுபோயிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் மெதுவாக, "சேட்டா, இங்ஙோட்டு" என்றது. இந்தப் பக்கம் கொடுங்கள் என்கிறார். திரும்பினேன். என் வயதுக்காரர், கூப்பிய கைகளை நீட்டிக்கொண்டு நின்றார். என்னிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடத்தான் தோன்றியது. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லத் தைரியமும் இல்லை. அவர் கைகளைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தன. அவர் கண்களை மூடி, வாங்கியதை முகத்தில் ஒற்றிக்கொண்டு, பின்னால் திரும்பினார். எனக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

முடிந்ததும் வெளியே அவரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். பெயர் ஷாஜி. காக்கநாட்டில் ஒரு கம்பெனிக்குக் கார் ஓட்டுகிறார். அம்மா மார்த்தாண்டம் என்பதால் தமிழ் பேசினார். சாயா வாங்கிக் கொடுத்தார். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்கு ஒரு மோன் இருந்தான் சேட்டா. செத்துப் போயிட்டான். அதுக்குப் பின்ன இங்க வர்றேன், நிக்கேன். விசுவாசம் உண்டான்னு கேட்டா, உண்டுன்னு ஒறப்பாச் சொல்ல என்னால ஆகல."

"பிறகு ஏன் வாறீங்க?"

"வீட்ல இருந்தா அதவிடக் கஷ்டம்."

அவ்வளவுதான் பேசினோம். என் கையில் இல்லாததை வாங்கிக்கொண்டவர் கையிலும் அது இல்லை. ஆனாலும் அது கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்ததை நான் பார்த்தேன். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு என்றால் ஏழரைக்கே போய்விடுங்கள். செருப்பை வெளியே விடவேண்டும். இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கையசூரி உங்களிடம் வந்தால் உடனே திரும்பிக் கொடுத்துவிடுங்கள். உங்களிடம் இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மத்தியானம் எர்ணாகுளம் ஸ்டேஷனில் நிற்கும்போது ஜெஸி போன் செய்தாள். "அங்க என்னப்பா கேட்டீங்க?" என்றாள்.

"விசுவாசம் கேட்டேன் மக்களே. அம்மாவப் பாப்போம்னு தினமும் சொல்லுதேன்லா? அது அப்பாவுக்கு நிச்சயமாத் தெரியாது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எனக்கும் தெரியலப்பா" என்றாள். "தெரியலன்னு சொன்னா நீங்க அழுவீங்கன்னுதான், அதச் சொல்லாம திரும்பத் திரும்பக் கேட்டுட்டே இருந்தேன்."

பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஜெபிக்கலாமா என்று அவள்தான் கேட்டாள். அவளுக்கு விசுவாசம் தரும்படி நான் கேட்டேன், எனக்குத் தரும்படி அவள் கேட்டாள். ஆமென் அவள் மட்டும்தான் சொன்னாள்.